கோரல்வாட்ச் பவள நல அட்டை: வகுப்பறைக்கு எவ்வளவு பயன்படும்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் உருவான கோரல்வாட்ச் திட்டத்தின் பவள நல அட்டை, கடலில் வாழும் பவள உயிர்கள் எவ்வளவு வெளிறியுள்ளன என்பதை நிறத்தைக் கொண்டு கணிக்க உதவும், நீரில் நனையாத சிறிய சதுர அட்டையாகும். அதன் ஓரங்களில் பி, சி, டி, இ என்ற நான்கு நிற வரிசைகளும், ஒவ்வொன்றிலும் வெளிறிய 1 முதல் அடர்ந்த 6 வரையிலான படிகளும் அச்சாகியுள்ளன. ஒரு பவளத்தின் மிக வெளிறிய பகுதிக்கும் மிக அடர்ந்த பகுதிக்கும் பொருந்தும் கட்டங்களைக் கண்டு குறித்துக்கொள்ள வேண்டும்.

காலநிலை மாற்றத்தைக் கற்பிக்கும்போது நாம் வழக்கமாகக் காட்டுவது வண்ணப் பவளம் ஒன்று, வெள்ளைப் பவளம் ஒன்று என இரண்டே படங்கள்தாம். வெளிறிய பவளமெல்லாம் செத்துவிட்டது என்றே மாணவர்கள் அவற்றிலிருந்து புரிந்துகொள்கிறார்கள். உண்மையில், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெப்ப அழுத்தத்தால் படிப்படியாகக் குறைவதே வெளிறல். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் பெருகி பவளம் மீளவும் கூடும். நிறம் இரண்டு படிகள் மாறினால் பாசிகளின் அடர்த்தியும் மாறியிருக்கிறது என்பது ஆய்வில் உறுதிசெய்யப்பட்டதால், மாணவர் குறிக்கும் எண்ணுக்கு உயிரியல் பொருள் உண்டு. இந்த அட்டையை நான் பெரிதும் மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அதன் எளிமைக்குள் நல்ல இயற்பியல் பாடமும் இருக்கிறது. ஆழம் கூடக்கூட நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால் ஒளிப்படத்தில் பவளத்தின் நிறம் மாறித் தெரியும். ஆனால் பவளத்தின் அருகிலேயே பிடிக்கப்படும் அட்டையும் அதே ஒளியைப் பெறுவதால் ஒப்பீடு பிழைப்பதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் நம் மாணவர்களை அங்கே நினைத்தபோது அழைத்துச் செல்ல இயலாது. ஆகவே படங்களை வைத்துத்தான் பயிற்சியளிக்க வேண்டியிருக்கும். அப்போதும் பவளத்தருகே அட்டை வைத்து எடுத்த படங்களையே பயன்படுத்த வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிளைப்பவளங்களின் வளரும் நுனிகள் இயல்பாகவே வெண்மையானவை. அவற்றை அளந்தால் நலமான பவளமும் நோயுற்றதாகத் தோன்றும். நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறமுள்ள பவளங்களுக்கு அட்டையில் பொருத்தமான கட்டமே இல்லை. இவற்றைவிடப் பெரிய வரம்பு, நிறம் குறைந்ததைக் காட்டும் அட்டை அதன் காரணத்தைக் காட்டாது என்பது. நன்னீர்ப் பெருக்கும் வண்டல் படிவும்கூடப் பவளத்தை வெளிறச் செய்யும். அட்டையை மட்டும் கொடுத்துவிட்டுக் காலநிலைப் பாடம் முடிந்ததாகக் கருதுவது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இணையத்தில் இலவசமாக வெளியிடும் கடல் வெப்ப வரைபடங்களை உடன் சேர்த்துக்கொண்டால் இக்குறை பெரிதும் நீங்கும். கோடையின் வழக்கமான உச்ச வெப்பநிலையைவிட 1 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ கூடும் வெப்பம் வாரக்கணக்கில் சேரச்சேர வெளிறல் எப்படித் தீவிரமாகிறது என்பதை அவை காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளிறியதை அந்த வரைபடங்களோடு ஒப்பிடச் செய்தால், மீள்வதற்குப் பவளங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு குறைவு என்பதை மாணவர்களே கண்டறிவார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பள்ளி அச்சுப்பொறியில் நகலெடுப்பதை மட்டும் தவிர்க்கவும். மை மாறினால் படிகளின் நிறமும் மாறும், பிறகு எண்களை நம்ப முடியாது.