டிவிஷன் 1 அல்லது டிவிஷன் 3: சிறிய பல்கலைக்கழகத்துக்கு எது கட்டுப்படியாகும்?

சுமார் 2,000 பேர் படிக்கும் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகம் என்றால், தராசு, கல்லூரி விளையாட்டுகளை மூன்று பிரிவுகளாக நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் டிவிஷன் 3 பக்கம்தான் சாய்கிறது. டிவிஷன் 1-இல் விளையாட்டு உதவித்தொகை உண்டு, தொலைக்காட்சி உண்டு, பெயரும் உண்டு. குறைந்தது 14 விளையாட்டுகளில் அணி வைத்தாக வேண்டும். டிவிஷன் 3-இல் விளையாட்டுத் திறனுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: அணியில் சேரும் மாணவரால் பணம் வருகிறதா, போகிறதா? டிவிஷன் 1-இல் முழு உதவித்தொகை பெறுபவரிடமிருந்து கட்டணம் வராது. டிக்கெட்டும் ஒளிபரப்பும் பெரிய இடங்களுக்குத்தான் கைகொடுக்கும். சிறிய இடத்தில் பள்ளத்தை நிரப்புவது பொது நிதியும் மாணவர் கட்டணமும். காலியான பேராசிரியர் பணியிடத்தையும் அதே நிதியிலிருந்துதான் நிரப்ப வேண்டும்.

டிவிஷன் 3-இல் வீரரும் கட்டணம் கட்டுகிறார். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கட்டணம் 40,000 டாலர், சலுகை போகக் கையில் வருவது 20,000. 30 பேர் கொண்ட மகளிர் கால்பந்து அணியால் 6 லட்சம் வருகிறது. பயிற்சியாளர், பயணம், நடுவர், வீரர்களின் காயங்களைக் கவனிப்பவர் எல்லாம் சேர்த்து 2.5 லட்சம் செலவு. மீதி 3.5 லட்சம் என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். அங்கேதான் தவறு. அணி இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய 10 பேரைக் கழிக்க வேண்டும். அப்போது வரவு 4 லட்சம்தான். மிச்சமுள்ள 20 பேரில் 8 பேர் இடையில் நின்றுவிட்டால் 2.4 லட்சம், அதாவது நஷ்டம். ஆக, பார்க்க வேண்டியது எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை அல்ல, எத்தனை பேர் இரண்டாம் ஆண்டிலும் இருக்கிறார்கள் என்பதை.

இதைக் கவனிக்காமல் பயிற்சியாளருக்கு ஆள்சேர்ப்பு இலக்கு கொடுத்தால் அணி 30-லிருந்து 45 ஆகும். ஆட வாய்ப்பே கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முதல் ஆண்டோடு கிளம்பிவிடுவார்கள். அடுத்து, 'இவருக்குச் சலுகையைக் கொஞ்சம் கூட்டுங்கள்' என்று சேர்க்கை அலுவலகத்துக்கு வேண்டுகோள் போகும். அது விதிமீறல், டிவிஷன் 3 கல்லூரிகள் நிதியுதவி விவரத்தை ஆண்டுதோறும் என்.சி.ஏ.ஏ.-வுக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் மறைக்கவும் முடியாது. செயற்கைப் புல்தரை இன்னொரு பொறி. 8 முதல் 10 ஆண்டுகளில் விரிப்பை மாற்ற வேண்டும். அதற்கு வருடாவருடம் ஒதுக்கி வைக்காவிட்டால், அந்த ஆண்டு ஆய்வகக் கருவி வாங்கும் பணம் புல்லுக்குப் போகும்.

டிவிஷன் 1-க்கு ஆதரவாக ஒரு வலுவான சாட்சி கொன்சாகா பல்கலைக்கழகம். கூடைப்பந்தால் 1999-க்குப் பிறகு நாடெங்கும் பெயர் பெற்றது. ஆனால் அதை வழக்கமாகக் கொள்ள முடியாது. 2022-இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய பல்கலைக்கழகம் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. சில நாட்களிலேயே பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகம் போய்விட்டார். ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி 2021 மார்ச்சில்தான் முதன்முறையாகத் தேசியப் போட்டியில் ஆடியது. அந்த மே மாதமே டிவிஷன் 3-க்கு மாறும் முடிவு அறிவிக்கப்பட்டது. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற 'ஹவுஸ்' உடன்பாட்டின் 280 கோடி டாலர் இழப்பீட்டால், என்.சி.ஏ.ஏ. பகிர்ந்தளிக்கும் தொகை சிறிய டிவிஷன் 1 பல்கலைக்கழகங்களுக்கும் குறைகிறது.

ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியைப் போல விளையாட்டுப் போட்டிகளையே விட்டுவிடலாமா? சுமார் 80 வீராங்கனைகளுக்கான பணத்தை 2012-இல் எல்லா மாணவியரின் உடல்நலத் திட்டத்துக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் அது மிக நல்ல முடிவு. இருக்கைகள் காலியாகக் கிடக்கும் இடத்தில் அது பலிக்குமா என்பது சந்தேகம்தான்.

டிவிஷன் 3 மட்டுமே ஒரு கல்லூரியைக் காப்பாற்றிவிடாது. டிவிஷன் 1-லிருந்து அங்கே மாற 2006-இல் முடிவெடுத்த பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதன் பேஸ்பால் அணி அப்போது தேசிய இறுதித் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது.

பாட நேரச் சிக்கலும் தானாகத் தீராது. பிற்பகல் ஆய்வக வகுப்பும் வார நடுவில் வரும் ஆட்டமும் எந்தப் பிரிவிலும் மோதும். ஆட்ட அட்டவணை பாடப்பதிவு தொடங்கும் முன்பே பதிவாளர் கைக்கு வர வேண்டும், ஆய்வகத்துக்கே முன்னுரிமை என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே ஆய்வகத்தை இரண்டு நாட்களில் நடத்த முடிந்தால் பாதித் தகராறு அங்கேயே அடங்கும்.