டேப்பா, லேசரா, அளவுச்சட்டமா? கேபினெட் வேலைக்கு என் தேர்வு

சமையலறை கேபினெட்டுக்கு அளவெடுக்க டேப், லேசர் மீட்டர், அளவுச்சட்டம் என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் நாங்கள் எடுக்கும் வேலைகளைச் சட்டத்துக்கே மாற்றிவிட்டேன். அதனால் இதில் சட்டத்தின் பக்கம்தான் சாய்ந்து பேசுவேன்.

சட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. யூடியூபில் ஸ்டோரி ஸ்டிக் என்று காட்டுகிறார்களே, அதுதான். ஓர் அங்குல அகலம், அரை அங்குல கனத்தில் நேரான ஒரு மரச்சட்டம். செய்யப்போகும் அலமாரியின் உயரங்கள் அத்தனையும் அதில் முழு அளவிலேயே கோடுகளாக இருக்கும். தரை, அலமாரிக்கு அடியில் தரையை ஒட்டி வரும் கால்பலகையின் மேல்மட்டம், அடித்தட்டு, ஒவ்வொரு டிராயர் முகப்பு, கிரானைட்டின் அடிப்பக்கம் எல்லாம் அதில் வந்துவிடும். சட்டத்தைத் திருப்பினால் அகலம், இன்னொரு பக்கத்தில் ஆழம். எண் எதுவும் எழுதுவதில்லை. நம்மூர் ஆசாரிமாரின் முழக்கோல் வேறு. அது 24 விரல், சுமார் 72 செ.மீ., எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கோல். அளவுச்சட்டமோ ஒரே ஓர் அலமாரிக்கானது.

டேப்பின் வசதியை விளக்க வேண்டியதில்லை. விலை சொல்லவும் பிளைவுட் எத்தனை ஷீட் என்று கணக்குப் போடவும் டேப்தான். ஆனால் துல்லியத்தில் வகுப்பு 2 என்று தரம் போட்ட டேப்புக்கு 3 மீட்டர் நீளத்தில் 0.9 மி.மீ. வரை பிழை அனுமதி உண்டு. சைட்டில் ஒரு டேப், பட்டறையில் ஒரு டேப் என்றால் அங்கேயே ஒரு மில்லிமீட்டர் போகலாம். கீழே விழுந்து கொக்கி வளைந்த டேப் என்றால் இன்னும் மோசம். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர சைட்டுகளில் உப்புக்காற்று வேறு, முதல் அங்குலத்தின் எழுத்தையே துரு தின்றுவிடுகிறது.

லேசர், தரையிலிருந்து சீலிங் வரை அளக்க அருமை. ஏணி வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் சாதாரண லேசருக்குப் பெட்டியிலேயே கூடவோ குறையவோ 2 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். சுவர் அளவுக்கு அது போதும், டிராயருக்குப் போதாது.

என் முடிவைத் தீர்மானித்தது கருவியின் நுட்பம்கூட இல்லை. டேப்பிலும் லேசரிலும் அளவு ஓர் எண்ணாக மாறுகிறது. ஒருவர் அந்த எண்ணைப் படிக்கிறார், ஒருவர் எழுதுகிறார், பட்டறையில் இன்னொருவர் அதைப் பார்த்து அறுக்கிறார். ரம்பம் ஓடும் சத்தத்தில் ‘அறுபத்து மூணு’ எப்போது ‘எழுபத்து மூணு’ ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இது போதாதென்று நம் பக்கத்தில் இரண்டு கணக்கு. மூத்த ஆசாரி அடி, அங்குலம், நூல் என்றுதான் சொல்வார். எட்டு நூல் ஓர் அங்குலம். இளையவர்கள் மில்லிமீட்டரில் எழுதுவார்கள். பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி, அதன் கனம் மில்லிமீட்டரில், டிராயர் ஓடும் சேனலின் நீளம் அங்குலத்தில், கதவுக்குள் பதியும் ஹிஞ்சின் கப் 35 மி.மீ. ‘ரெண்டரை அடி மூணு நூல்’ என்றால் 771.5 மி.மீ. அதை எழுதும்போது 770 என்றோ 772 என்றோ ஆக்கிவிடுவார்கள். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எங்கே போய் இடிக்கும் என்பதுதான் விஷயம்.

டிராயர் சேனலையே எடுத்துக்கொள்ளுங்கள். பால்பேரிங் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது நாலு நூல் இடம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலம். பெட்டி ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இறுகும், இரண்டு குறைந்தால் ஆடும். இனி பிளைவுட்டுக்கு வருவோம். 18 மி.மீ. என்று வாங்கும் பலகையைக் காலிப்பர் வைத்துப் பார்த்தால் 17.3 கூட இருக்கும். இரண்டு பக்கப் பலகைக்கும் சேர்த்து 1.4 மி.மீ. அங்கே மாறுகிறது. உள்பக்கம் 0.8 மி.மீ. மைக்கா (லேமினேட் தாள்) ஒட்டினால் இரண்டு பக்கமும் 1.6 மி.மீ. உள்ளகலத்தில் குறைகிறது. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர் இதையெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் நினைவில் வைத்துக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

சட்டத்தில் இந்தக் கணக்கே கிடையாது. மைக்கா ஒட்டி முடித்த அதே பிளைவுட்டின் ஒரு வெட்டுத்துண்டை எடுத்து, அலமாரியின் வெளிக்கோட்டில் நிமிர்த்தி வைத்து, அதன் உள்பக்கத்தை ஒட்டிக் கத்தியால் ஒரு கோடு இழுக்கிறேன். பலகையின் கனம் 17.3 ஆனாலும் 18.2 ஆனாலும் எனக்குக் கவலையில்லை. அந்தக் கோட்டை ஒட்டி, வாங்கி வந்த சேனலையே மூடியபடி வைத்து மறுபடி ஒரு கோடு. அந்தப் பக்கமும் அப்படியே. நடுவில் மிச்சமிருப்பதுதான் டிராயர் பெட்டியின் வெளியகலம். பலகை வரும் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டால் கோட்டுக்கு எந்தப் பக்கம் அறுப்பது என்ற குழப்பமும் இல்லை. ரம்பத்தில் சட்டத்தை வைத்து, கோடு பல்லுக்கு நேராக வரும்படி பலகை முட்டி நிற்கும் ஸ்டாப்பரைப் பூட்டிவிட்டு ஒரே அளவுள்ள துண்டுகள் எல்லாவற்றையும் அறுத்துவிடலாம். பக்கப் பலகைக்கும் ஷட்டருக்கும், அதாவது கதவுக்கும், ஹிஞ்ச் குறியை ஒரே சட்டத்திலிருந்து மாற்றுவதால் கதவில் உள்ள கப்பும் பலகையில் உள்ள தகடும் நேருக்கு நேர் வந்து நிற்கும்.

சைட்டில் சுவருக்கிடையே அளவெடுக்கும்போது இரண்டு சட்டம் வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முனைகள் இரு சுவரிலும் முட்டும்வரை நகர்த்தி, சேர்த்துக் கிளாம்ப் போட்டு, இரண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு. பழைய ஓட்டு வீடுகளில் சுவர் கீழே ஒன்று, மேலே ஒன்று என்றிருக்கும். கீழும் நடுவும் மேலும் பார்த்து, எங்கே குறுகலோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூலையில் டேப்பை வளைத்து ‘இவ்வளவு இருக்கும்’ என்று மதிப்புப் போடும் வேலை இதில் இல்லை.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மரச்சட்டம் ஊதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மரம் ஊதுவதும் சுருங்குவதும் குறுக்கேதான். தேக்கே பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது குறுக்காக 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். நீளவாக்கில் பெரும்பாலான மரங்களுக்கும் 0.1, 0.2 சதவீதம்தான். மழைக்கும் வெயிலுக்கும் இடையில் நடப்பது அதிலும் ஒரு பகுதி, இரண்டு மீட்டர் சட்டத்தில் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. ஆனால் ரேகை நேராக ஓடும் மரமாக இருக்க வேண்டும். நான் பைன் எடுக்கிறேன், வெளுப்பாக இருப்பதால் கோடு தெரியும். அயினியும் தேக்கும் நின்று உழைக்கும், ஆனால் நிறம் ஏறினால் பென்சில் கோட்டைத் தேட வேண்டியிருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் துண்டு வேண்டாம்.

சட்டத்தின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கார அக்கா கிரைண்டர் வைக்க உயரத்தை மாற்றச் சொன்னால் அந்தப் பக்கத்தை இழைத்துவிட்டு மறுபடி கோடு போட வேண்டும். பழைய கோட்டை அடித்து அதன் பக்கத்திலேயே புதுசு போட்டால் கண்டிப்பாகக் குழப்பம் வரும். ஏழடிச் சட்டத்தை பைக்கில் கொண்டுபோவது சிரமம், நாங்கள் இரண்டு துண்டாக்கி மரைபோட்டு இணைக்கிறோம். பட்டறை மூலையில் சாத்தி வைத்தால் கரையான் ஏறும், கம்பியில் தொங்கவிடுவது நல்லது. அப்படித் தொங்கும் சட்டம் பின்னாலும் உதவும். சிங்குக்கு அடியில் ஷட்டர் ஊறிப்போய் ஒன்று மட்டும் மாற்றக் கேட்டு வந்தால் மறுபடி அளவெடுக்கப் போக வேண்டியதில்லை. ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் தேதியும் முனையில் எழுதியிருந்தால் போதும்.

பேனல் ரம்பம் உள்ள கடையில் மொத்தமாக அறுத்து வாங்குகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கு எண்ணாகத்தான் பட்டியல் கொடுக்க வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட்டில் வீண் குறைய எப்படி அறுப்பது என்று பார்க்க கணினிப் பட்டியல் நன்றாகவே உதவுகிறது. அப்படி நான் செய்த வேலை குறைவு. செய்தபோது சட்டத்தை முதலில் குறித்து முடித்து, அதிலிருந்து ஒரே டேப்பால் ஒரே ஆள் படித்து, எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தோம். வளைந்த சுவர், கோணல் மூலைக்குச் சட்டம் தனியாகப் போதாது, அட்டையில் டெம்ப்ளேட் வெட்டத்தான் வேண்டும். சீலிங் வரை போகும் வார்ட்ரோபுக்கு மொத்த உயரத்தை இன்றைக்கும் லேசரில்தான் பார்க்கிறேன். உள்ளே தட்டும் டிராயரும் வரும் பகுதியை மட்டும் சட்டத்தில் குறிக்கிறேன்.