அமைதி மண்டலத்தை வெட்டுவது கிழக்கிலா, மேற்கிலா?

அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கும் பாய்மரப் படகுக்கு காற்று அடங்கிக் கிடக்கும் நிலநடுக்கோட்டு அமைதி மண்டலம்தான் பெரிய சோதனை. வடகிழக்கு, தென்கிழக்கு என ஆண்டு முழுதும் வீசும் இரு வியாபாரக் காற்றுகளும் மோதி மேலெழும் இந்தப் பட்டை ஆப்பிரிக்கா பக்கம் அகன்றும் பிரேசில் பக்கம் குறுகியும் கிடக்கும்.

கிழக்கு வழி, ஏறத்தாழ மேற்குத் தீர்க்கரேகை 20 டிகிரி. தென்கிழக்குக் காற்று கிடைத்ததும் பிரேசில் முனையைத் தாண்ட நல்ல கோணம் அமையும். ஆனால் பட்டைக்குள் சிக்கினால் நாட்கணக்கில் பாய் தொங்கும். குடிநீர்க் கணக்கும் தப்பிவிடும்.

மேற்கு வழி, 27 முதல் 30 டிகிரி. இங்கே பட்டை ஒடுக்கம், வெளியேறுவது விரைவு. இன்னும் மேற்கே நழுவினால் வினை: தென்கிழக்குக் காற்றும் மேற்கே ஓடும் நீரோட்டமும் சேர்ந்து படகை பிரேசிலின் வடகிழக்கில் உள்ள சாவோ ரோக்கே முனைக்கு வடக்கே தள்ளிவிடும். மீண்டும் கிழக்கே ஏறுவது பெரும்பாடு. இந்தப் பயத்தால்தான் பழைய மாலுமிகள் கிழக்கிலேயே ஒதுங்கினர். பயம் மிகையானது என்று 1840களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மோரியின் காற்று வரைபடங்கள் காட்டின.

எங்கள் தேர்வு 27, 28 டிகிரி. ஆகஸ்ட் வாக்கில் தென்கிழக்குக் காற்று தெற்கிலிருந்து அதிகம் வீசும், அப்போது இரண்டு மூன்று டிகிரி கிழக்கே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் கருமேகத்தின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். மழைத்திரை நெருங்கும்போது காற்று சில நிமிடங்களில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்திலிருந்து 25 நாட் வேகத்துக்கு எகிறும். அதற்கு முன்பே பெரும்பாயைச் சுருக்கிவிட வேண்டும். மேகத்துக்கு முன்னால் இருந்தால் ஓட்டம் கிடைக்கும், பின்னால் மாட்டினால் காற்றே இராது.