கட்டுக்கயிறா, உயிர்காப்பு அங்கியா: சிறு பாய்ப்படகில் எதை நம்புவது?

பாய் விரித்துத் தனியே போகிறவர் கடலில் விழுந்துவிட்டால் படகு அவருக்காக நிற்காது. மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 150 மீற்றர் விலகிவிடும்; சோளகம் (தென்மேற்குக் காற்று) பெயர்ந்து கடல் நுரைக்கும் நாளில் அவ்வளவு தூரத்தில் மிதக்கும் ஒரு தலை கரையிலிருப்பவருக்கோ வேறு படகிலிருப்பவருக்கோ தென்படுவது அரிது. எனவே, விழுந்தபின் மிதக்கவைக்கும் அங்கியைவிட விழாமலே பிடித்துவைக்கும் கட்டுக்கயிறு மேலானது என்று பலர் வாதிடுகின்றனர். மூடிய தளமும் அடியில் பாரமும் உள்ள பெரிய படகுக்கு அது பொருந்தும். எங்கள் யாழ்ப்பாணக் கரைகளில் ஓடும் 18, 20 அடித் திறந்த வள்ளத்துக்கு அதை அப்படியே ஏற்க என்னால் இயலாது.

கட்டுக்கயிறு என்பது மார்புப் பட்டியையும் படகையும் இணைப்பது. அதன் நீளம் 2 மீற்றருக்கு மேற்படலாகாது என்பது அனைத்துலகத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 12401 தரத்தின் விதி. ஆனால், ஐந்தடி அகலமுள்ள வள்ளத்தின் விளிம்பில் அந்த 2 மீற்றரைக் கொளுவினால் ஆள் தண்ணீருக்குள் விழுந்து இழுபடுவது உறுதி. வள்ளத்தின் நடுவங்கில் (நடு விலாச் சட்டத்தில்), 1 மீற்றருக்குள் கொளுவினால்தான் அது ஆளை உள்ளே நிறுத்தும். பண்ணைக் கடற்கரைக்கு அருகே இடுப்பளவு நீரில் ஒரு முறை இதைச் சோதித்தேன். நடைவேகத்தில் படகு இழுத்தபோதே தண்ணீர் நெஞ்சில் மோதி முகத்தில் ஏறியது. விறைத்து நின்ற கயிற்றின் கொளுக்கியை இரு கைகளாலும் திறக்க முடியாமல், இடுப்புக் கத்தியால் அறுத்தே விடுபட்டேன். ஆகையால், இழுவிசையிலும் மார்புப் பக்கத்தில் சட்டெனக் கழற்றக்கூடிய கயிறு அல்லாத எதையும் நான் அணியமாட்டேன். வள்ளம் கவிழ்ந்தால் கட்டுண்டவர் பாய்க்கு அடியில் சிக்கக்கூடும் என்பது அதைவிடப் பெரிய அச்சம்.

அங்கி விழுவதைத் தடுக்காது. ஆனால் கவிழும்போதும் துணை நிற்கும். மிதப்புவிசை 50 நியூட்டன் உள்ள அங்கி நீந்தத் தெரிந்தவருக்கு உதவி மட்டுமே. நினைவிழந்தவரைப் பெரும்பாலும் முகம் மேலாகத் திருப்புவது 150 நியூட்டன் அங்கியே. தொடையிடைப் பட்டியை மாட்டாவிட்டால் அங்கி மேலெழுந்து காதுகளை மூடும், உடல் கீழே நழுவும். வெக்கையென்று கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்த அங்கி எவரையும் காக்காது.

விழுந்தவர் பற்றிக்கொள்ளச் சிலர் படகின் பின்னே மிதக்கும் கயிற்றை இழுபடவிடுகின்றனர். 15 மீற்றர்க் கயிறென்றால், மேற்சொன்ன வேகத்தில் அதன் நுனி 6 விநாடிக்குள் அவரைக் கடந்துவிடும்; அதைப் பிடித்தாலும் ஓடும் படகை நோக்கிக் கையால் ஏறுவது மிகக் கடினம்.

கடல்நீரேரிக்குள், பகலில், திறந்த வள்ளமென்றால் நுரையடைத்த அங்கியையே தேர்வேன். ஊர்காவற்றுறையைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம், இரவில், தளமுள்ள படகென்றால் இரண்டும் வேண்டும். எதை அணிந்தாலும், பாய் மாற்றும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் விளிம்பில் நிற்காமல் முழங்காலிட்டு இருங்கள். நனைந்த உடையோடு விளிம்பேற முடியாதென்பதால், முழங்கால் ஆழத்துக்கு நீரில் தாழும்படி ஒரு கயிற்றுக் கண்ணியைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.