திருமணத்துக்கு முன்பே மரியாதையைப் பழக்கும் ஒரு பட்டறை

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு சமூக அமைப்பு தமிழிலேயே நடத்திவரும் திருமண ஆயத்தப் பட்டறைக்கு நானும் நான் மணக்கவிருப்பவரும் அண்மையில் சென்றுவந்தோம். மண்டபம், புடவை, புகைப்படக்காரர் என அனைத்தையும் ஓராண்டுக்கு முன்பே பதிந்துவைக்கும் நம் குடும்பங்கள், சேர்ந்து வாழப்போகும் இருவரும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. இந்தப் பட்டறை அதைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறது.

பட்டறையின் உயிர்நாடி ஒரு பேச்சுப் பயிற்சி. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி ஆகிய உளவியலாளர்கள் தம் குழுவினருடன் வளர்த்தெடுத்த முறை அது. தரையில் பதிக்கும் ஓட்டுத் துண்டு ஒன்றை இணையரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். அவரும் தம் மனத்தில் உள்ளதைச் சொல்லலாமே தவிர, மற்றவர் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று ஊகித்துக் குற்றம் சுமத்தக் கூடாது. கேட்பவர் மறுப்பேதும் சொல்லாமல், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் ஆம் என்று ஏற்றுக்கொண்ட பிறகே துண்டு கைமாறும்.

எங்களுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது வீட்டு விவகாரம். மணமுடிக்கவிருப்பவர்களாக விண்ணப்பித்துப் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீடு வாங்குவோர், சாவி கிடைத்த 3 மாதங்களுக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பதால், இங்கே பலருக்குத் தாலி ஏறுவதற்கு வெகுநாள் முன்பே வீட்டுப் பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்தப் பேட்டையில் விண்ணப்பிப்பது என்பதை அவர் தம் அண்ணனிடம் பேசி முடிவெடுத்த பிறகே எனக்குச் சொன்னார் என்பது என் மனத்தாங்கல். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். "அண்ணன் தலையிடுவது உனக்குப் பிடிக்கவில்லை" என்று அவர் திருப்பிச் சொன்னார். இல்லை என்றேன். "உட்லண்ட்ஸ் உனக்குத் தூரமாகப் படுகிறது" என்றார். அதுவும் இல்லை. சற்று யோசித்துவிட்டு, "நம் வீட்டைப் பற்றி முடிவெடுத்தபோது உன்னை ஒரு பொருட்டாகவே நான் எண்ணவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கிறது" என்றார். துண்டை அவரிடம் நீட்டினேன். வீட்டில் இதே பேச்சை எடுத்திருந்தால் முதல் பதிலிலேயே அது அண்ணனைப் பற்றிய சண்டையாக மாறியிருக்கும்.

இரண்டாம் அமர்வு இகழ்ச்சியைப் பற்றியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரின் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், மணமுறிவுக்கு முன்னறிகுறியாகத் தென்படுபவற்றுள் இகழ்ச்சியே மிக வலுவானது என்று கண்டவர். பயிற்றுநர் அதை விளக்க நம் வீடுகளையே எடுத்துக்காட்டினார்: மனைவி வாய் திறந்ததும் விருந்தினர் முன்னிலையில் "உனக்கென்ன தெரியும்" என்பது, கணவரின் சம்பளத்தைத் தங்கை கணவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது, பதிலே சொல்லாமல் உதட்டைச் சுழிப்பது. இவற்றையெல்லாம் கிண்டல் என்ற பெயரில் சிறுவயதிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதாலேயே ஒரு தம்பதியர் மதிப்போடு வாழ்ந்தார்கள் என்று கொள்ள முடியாது, ஒருவர் விழுங்கிக்கொண்டே இருந்ததால் நிலைத்த மணவாழ்க்கைகளும் நம் குடும்பங்களில் உண்டு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது இந்தப் பட்டறையின் மீது எனக்குப் பெரும் மதிப்பை ஏற்படுத்தியது.

சட்டம் பற்றிய பகுதி சுருக்கமானது, ஆனால் தேவையானது. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம், குடும்பத்தை நடத்துவதில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை உண்டு என்றும், இருவரும் தத்தமக்கு விருப்பமான தொழிலைச் செய்யலாம் என்றும் சொல்கிறது. முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் இருப்பதைப் பயிற்றுநர் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். தமிழ் முஸ்லிம் இணையரும் அமர்ந்திருந்த அறையில் அது போதாது.

இதைவிடப் பெரிய குறை, மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன் ஆகியோரைப் பற்றிய பகுதி கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடிந்துபோனது. தமிழ்க் குடும்பத்தில் கணவன் மனைவிக்கிடையே எழும் மரியாதைப் பிரச்சினைகளில் பாதி, மூன்றாமவர் முன்னிலையில் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்தான் தொடங்குகின்றன. அதற்கு ஒரு முழு அமர்வு ஒதுக்கியிருக்க வேண்டும். கையேட்டின் தமிழும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது போல விறைப்பாக இருக்கிறது. பயிற்றுநர் பேசிய தமிழில் அந்த விறைப்பு இல்லை. அவரையே கையேட்டையும் எழுதச் சொல்லலாம்.

மணம் நிச்சயமானவர்கள் அழைப்பிதழ் அச்சிடும் பரபரப்பு தொடங்குவதற்கு முன்பே சென்றுவருவது நல்லது. எங்களோடு இருந்த ஓர் இணையர் திருமணத்துக்கு இரண்டு வாரமே இருந்த நிலையில் வந்து, அமர்வு முழுவதும் கைப்பேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிவுசெய்யும்போதே குடும்பத்தாரைப் பற்றிய பகுதிக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டுவையுங்கள். நாங்கள் கேட்டதற்கு, தனியாக ஓர் ஆலோசனைச் சந்திப்பு ஏற்பாடு செய்து தந்தார்கள், அதற்குக் கட்டணமும் வாங்கவில்லை.