டெல்லி - சென்னை நைட் ஃப்ளைட்: கேப்டனுக்கு 5 ஸ்டார், கம்பெனிக்கு 1

ஏர்லைன் பேரு வேணாம், எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்கதான். ஜனவரில டெல்லில இருந்து சென்னைக்கு ராத்திரி ஒன்பதரை ஃப்ளைட். பனில அந்த விமானம் டெல்லிக்கு வந்து சேரவே நடுராத்திரி ஆயிருச்சு, அப்புறமும் போர்டிங் இல்ல, கேட்டா "ஆப்பரேஷனல் ரீசன் சார்"னு மூஞ்சிய பாக்காம பதில்.

விஷயம் என்னன்னா பைலட் ஒரு நாள்ல இவ்ளோ நேரம்தான் வேலை பாக்கலாம்னு ரூல் இருக்கு, அந்த டியூட்டி டைம் முடியப்போகுது. கேட் பக்கத்துலயே ஏர்லைன் மேனேஜர் ஒருத்தர் "ஒரு மணி நேரம் எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாமே சார், நம்ம ஆபீஸ் கன்ட்ரோல் ரூம் லைன்ல இருக்காங்க, நீங்களே பேசுங்க"னு குழைஞ்சுகிட்டே போன நீட்டுறாரு. கேப்டன் அத வாங்கவே இல்ல. கண்ணாடிய கழட்டி கண்ண கசக்கிட்டு, மத்தியானத்துல இருந்து டியூட்டில இருக்கேன், நான் ஃபிட் இல்லன்னு சொல்லிட்டு பேக்க இழுத்துட்டு போயிட்டாரு. டைம நீட்டணும்னா கேப்டன் சம்மதிக்கணும், அதுதான் ரூல், ஆனா அந்த சம்மதத்த எப்படி கறக்குறாங்கன்னு அன்னிக்கு கண்ணால பாத்தேன்.

நம்ம ஜனங்க வேற. "ரெண்டே முக்கா மணி நேரம் தானே, ஒரு டீய குடிச்சிட்டு ஓட்ட வேண்டியதுதானே"னு ஒரு அங்கிள் கத்துறாரு. ஆம்னி பஸ்ல டிரைவர் தூக்கம் வருதுன்னு சொன்னா இதே அங்கிள் வண்டிய ஓரம் கட்டுப்பான்னு தான் சொல்லுவாரு.

கோழிக்கோடு விபத்து ஞாபகம் இருக்கா? 2020 ஆகஸ்ட் 7, துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மழைல, பின்காத்தோட, பாதி ரன்வே தாண்டி இறங்கி பள்ளத்துல விழுந்து 21 பேர் செத்தாங்க. ரூல மீறி இறக்குனதுதான் காரணம்னு விசாரணை ரிப்போர்ட் சொல்லுது, சரி, ஆனா அதுலயே இன்னொன்னும் இருக்கு, மறுநாள் காலைல தோஹா ஃப்ளைட்டையும் அதே கேப்டன்தான் எடுக்கணும், வேற ஏர்போர்ட்டுக்கு திருப்பிட்டா டியூட்டி நீண்டு, ரூல்படி எடுக்க வேண்டிய ரெஸ்ட் காலை ஃப்ளைட்டோட இடிக்கும். கோழிக்கோட்டுல அந்த கம்பெனிக்கு இருந்த 26 கோ-பைலட்டுக்கு கேப்டன் ஒரே ஒருத்தர்! இப்படி ஆள் வெச்சா மேனேஜர் வாயத் திறக்கவே வேணாம், டியூட்டி போடுற ரோஸ்டரே பேசும்.

அதனால லேட்டுக்கு நான் ஸ்டார் குறைக்கல, ஆள் இல்லாம ஷெட்யூல் போட்டதுக்கு தான் குறைச்சேன். பைலட்டுக்கு வாராந்திர ரெஸ்ட் 36 மணி நேரத்துல இருந்து 48, ஒரு நைட் டியூட்டில லேண்டிங் 6ல இருந்து 2, இதெல்லாம் விமான கம்பெனிகளுக்கு ரூல் போடுற அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரிலயே சொல்லிட்டாங்க, முழுசா அமலுக்கு வந்தது 2025 நவம்பர்ல. அவ்ளோ டைம் இருந்தும் டிசம்பர்ல இண்டிகோ பைலட் பத்தாம ஆயிரக்கணக்குல ஃப்ளைட்ட கேன்சல் பண்ணுனது ஊருக்கே தெரியும், கடைசில வளைஞ்சு கொடுத்தது ரூல்தான், நைட் லேண்டிங் கணக்குல அவங்களுக்கு தற்காலிக விலக்கு குடுத்தாங்க. அடுத்த கம்பெனிக்காரன் இதுல என்ன கத்துப்பான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மத்தபடி சர்வீஸ் சுமார் ரகம். காஞ்சு போன சாண்ட்விச், ஒரு ஜூஸ். புது டைம் காலைல ஆறரைன்னதும் ஹோட்டல் கேட்டோம், அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு சாதிச்சாங்க. ராத்திரி எட்டுல இருந்து மூணுக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல லேட்டானா ரூம் குடுத்தே ஆகணும், ஒரு பொண்ணு போன்ல டிஜிசிஏ ரூல எடுத்து கவுன்ட்டர் கண்ணாடில ஒட்டாத குறையா காட்டுச்சு, கால் மணி நேரத்துல வேன் வந்துருச்சு. ரூம் பரவால்ல, வெந்நீர் வந்துச்சு. டெல்லில பனி சீசன்ல கடைசி ஃப்ளைட் புக் பண்ணாதீங்க, அவ்ளோதான்.