ஹட்டனில் ஆங்கிலப் பாஸ்பேப்பர் (முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்) வாங்கப் போகிறவர்களுக்கு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் நடந்து, மாடிப்படி ஏறிப்போகிற அந்தப் போட்டோகொப்பிக் கடைக்குக் கட்டாயம் போய் வாருங்கள். பெயர்ப்பலகை மழையில் வெளிறிக் கிடக்கிறது. "பாஸ்பேப்பர் கடை எது?" என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே காட்டிவிடுவார்கள். பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பின்னேரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வகுப்புக்கு வினாத்தாள் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கடையில் 31ஆம் இலக்க ஆங்கிலத் தாளை ஆண்டுவாரியாக, முதலாம் பகுதி தனி, இரண்டாம் பகுதி தனி என்று பின் அடித்துக் கொடுக்கிறார்கள். விடை கூடவே வராது. புள்ளியிடும் திட்டம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு இந்தக் கடை பிடித்ததற்கு முதல் காரணமே இதுதான்.

டவுனில் விற்கிற பருமனான கைட் ஒன்றில் கேள்விக்குக் கீழேயே விடை இருக்கிறது. பிள்ளை கேள்வியை வாசித்து முடிக்கும் முன்னே கண் கீழே இறங்கிவிடும். "தெரியும் மிஸ், செய்துட்டேன்" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுத்து, மேசையில் மணிக்கூட்டையும் வைத்தால்தான் எங்கே தடுமாறுகிறது என்று தெரிகிறது. முதலாம் பகுதிக்கு ஒரு மணித்தியாலம், இரண்டாம் பகுதிக்கு இரண்டு. இரண்டும் சேர்த்துப் பதினாறு டெஸ்ட்; தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பெயர்தான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லாமலே வகுப்பேறி வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலம் சித்தியில்லாவிட்டாலும் உயர்தரத்துக்குப் போகலாம் என்பதால் வீட்டிலும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பிறகு கொழும்பில் வேலைக்குப் போய் விண்ணப்பப் படிவத்தின் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அதன் வலி தெரிகிறது. அந்த நிலை என் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

புள்ளியிடும் திட்டத்தையும் மறக்காமல் வாங்குங்கள். பிள்ளைகள் கடைசி டெஸ்டைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். ஏறத்தாழ 200 சொல்லில் கட்டுரையோ பேச்சோ கதையோ எழுதச் சொல்வதைப் பார்த்ததுமே பேனா கீழே போய்விடும். ஆனால் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளடக்கத்துக்கு, மொழிக்கு, அமைப்புக்கு என்று புள்ளி தனித்தனியாகக் கிடக்கிறது. இலக்கணம் பிசகினாலும் கேட்ட விஷயத்தை எழுதினால் கையில் ஏதாவது விழும். இதை நான் வாயால் எத்தனையோ முறை சொன்னதுதான். அந்தத் தாளில் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். ஒரு பெண்பிள்ளை அம்மாவைப் பற்றி எழுதினாள். "மை மதர் கோ மோர்னிங், கம் ஈவினிங், ஷீ இஸ் டயர்ட்" என்று தொடங்கி ஒரு பக்கம் நிரப்பிவிட்டாள். இலக்கணத்தைத் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்திருந்தால் திருத்த என்ன இருக்கும்? 35 எடுத்தால் எஸ் (சாதாரண சித்தி), 50க்கு சி (திறமைச் சித்தி). அந்தப் பதினைந்து புள்ளி இடைவெளியைத் தாண்ட எழுத்துப் பகுதிதான் வழி.

கைட்டில் வருகிற மாதிரிக் கட்டுரைகளைப் பாடமாக்க விடாதீர்கள். மிருகக்காட்சிச்சாலைச் சுற்றுலாவைப் பாடமாக்கிய பிள்ளை, நூலகத்தைப் பற்றிக் கேட்டாலும் யானையைத்தான் எழுதும்.

வாங்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். 2021ஆம் ஆண்டுப் பரீட்சை நடந்தது 2022 மே மாதம். 2022ஆம் ஆண்டுக்கானது 2023இல், 2023க்கானது 2024 மே மாதம், 2024க்கானது 2025 மார்ச் மாதம். "2022 பேப்பர்" என்று வெறுமனே கேட்டால் எந்தத் தாள் என்று கடைக்காரத் தம்பிக்கே குழம்பும். தாளின் தலைப்பில் இருக்கும் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 2016இலிருந்து வந்தவை போதும்; அதற்கு முந்தியவை பழைய பாடத்திட்டம்.

கடையில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சில தாள்கள் கொப்பிக்குக் கொப்பி எடுத்தவை. எழுத்து வாசிக்கலாம், வரைபடத்தில்தான் வில்லங்கம். ஆண்களுக்குக் கருப்புக் கோடு, பெண்களுக்குச் சாம்பல் கோடு என்று இருந்தது எல்லாம் ஒரே கருப்பாகிவிட்டது. 100 சொல்லில் அந்த வரைபடத்தை விவரிக்கப் பிள்ளை என்ன செய்யும்? தம்பியிடம் காட்டினேன். முகம் சுளிக்காமல் பரீட்சைத் திணைக்களத்தின் மூலத்தாளைத் தேடிப்பிடித்து, காசு வாங்காமல் புதிதாக எடுத்துத் தந்தார். ஆகவே படம் இருக்கிற பக்கங்களைக் கடையிலேயே விரித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விலையைப் பற்றி: பக்கம் பத்து ரூபா. ஒரு ஆண்டுத் தாள் இரண்டு பகுதியும் சேர்த்து வாங்கினாலும், கொழுந்து எடுக்கும் ஒரு தாய்க்கு அரைப் பேருக்குள், அதாவது அரை நாள் சம்பளத்துக்குள், அடங்கிவிடும். நான் சொன்ன கைட்டுக்கு முழுப் பேரும் போதாது. எல்லா ஆண்டையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. ஒன்றை எழுதித் திருத்தி முடித்த பிறகு அடுத்ததை வாங்குங்கள். பிள்ளையும் மிரளாது, கையிலும் காசு நிற்கும்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கடை இல்லை. சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை போனால் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். மேலே தோட்டத்துக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டியவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.